பதினாலாம் பக்கம் இல்லாத புத்தகம்

“ஹலோ... கேக்குதா?... ஆமா, நான்தான். ஏன், போன்ல பேர் வரலையா?... ஓ, அழிச்சாச்சா! சரி, பெரிய மனுஷங்க. வக்கீல் சார் இப்ப கோர்ட்டுல இருக்கீங்களா, ஆபீஸ்லயா?... நல்லதாப் போச்சு. கதவைச் சாத்திட்டு உக்காருங்க. உங்க கட்சிக்காரங்க காதுல விழுந்தா உங்களுக்குத்தான் அசிங்கம்.”

லிஃப்ட் மெக்கானிக் நின்றிருந்தது ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில். மெயின் ஸ்விட்சை அணைத்து, பிரேக்கைக் கழற்றி, பழைய துணி ஒன்றில் பரப்பி வைத்திருந்தார். வேலைக்கு நடுவில் போனைத் தொடுகிற ஆளில்லை அவர். இன்று தொட்டார், அதுவும் கிரீஸ் கையோடு. பத்து நிமிஷத்துக்கு முன்னால் வக்கீல் அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேலை ஓடவில்லை.

“எதுக்கா? எங்கிட்டயே கேக்குறீங்க பாருங்க! நாம நாலு பேர் இருக்குற குரூப்புல போட்டீங்களே... ஆமா, அதான். படிச்சுக் காட்டட்டுமா? ‘இதுதான் அசல் பதினாலாம் பக்கம். அன்னைக்கு நமக்கு நடந்தது மோசடி. ஞாயித்துக்கிழமை என் வீட்ல நானே புத்தகப்படி நடத்தப் போறேன்.’ மோசடி!... இருங்க, நான் முடிச்சுக்கிறேன்... இருங்கன்னு சொல்றேன்ல! மருந்துக்கடைக்காரன் கைதட்டுற பொம்மை போடுறான். டீச்சரக்கா வரேன்னு எழுதுறாங்க. ரெண்டு வருஷம் அந்த ஆட்டத்தை நடத்துனவன் நான். என்னை வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா?”

இருபத்தாறு வருஷத்துக் கதை இது. அந்த ஆட்டத்துக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவும் மந்திரக்காரியாகவும் அதற்குள் நுழைந்து, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் ஓடுகிறேன்’ என்று வாயாலேயே ஆடுவார்கள். பிழைத்தார்களா செத்தார்களா என்று பகடை சொல்லும். அவர்கள் கடைசியாக ஆடியது ஒரு பாதாளக் கோட்டைக் கதை. யாரிடமோ இருந்த புத்தகத்தை நகலெடுத்து, அதை வைத்து நடத்தியவர் மெக்கானிக்தான். அந்தக் கோட்டையின் கடைசி அறையில் வக்கீலின் கோடாலி வீரன் செத்துப் போனான். அதற்கப்புறம் அந்த நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து ஆடவேயில்லை.

“ஆமா... ஆமா. ஒத்துக்கிறேன்னு சொல்றேன்ல! நகல்ல பதினாலாம் பக்கம் இல்ல. எடுத்தவன் ரெண்டு தாளைச் சேத்துப் புரட்டிட்டான். பதிமூணாம் பக்கம் ‘கதவைத் தள்ளினால்’னு நிக்குது, அடுத்து பதினஞ்சு. அசல் வச்சிருந்தவர் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார். நான் என்ன பண்ணுவேன்? உங்களை எல்லாம் வாசல்லயே நிக்க வச்சு, பக்கம் கிடைச்சதும் சொல்றேன்னு சொல்லவா? மூணு நாள் உக்காந்து, கட்டம் போட்ட நோட்டுல, அந்த அறையை நானே உண்டாக்குனேன்... ஆமா, நானே. சொந்தமா. மூணு தடவை கேக்குறீங்க, இது என்ன குறுக்கு விசாரணையா?”

யாரோ இரும்புக் கதவைத் தட்டினார்கள். மெக்கானிக் போனைத் தோளில் அழுத்திக்கொண்டு திரும்பினார்.

“அரை மணி நேரம் ஆகும்மா! படியில இறங்குங்க... முட்டி வலின்னா கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க, நானா மாடி கட்டுனேன்?... உங்களை இல்ல. ஆறாம் மாடிக்காரம்மா. நீங்க சொல்லுங்க. அந்த அசல் பக்கத்துல என்னதான் இருக்கு? நானும் பெருசு பண்ணிப் பாத்தேன். அஞ்சு எலும்புக்கூடு, ஒரு இரும்புப் பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு மோதிரம். இவ்வளவுதானா! இதுக்கா ரெண்டு வருஷம் கம்பால தரையைத் தட்டித் தட்டி நடந்தீங்க?”

வக்கீல் அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார். மெக்கானிக் கேட்டுக்கொண்டே ஒரு ஸ்குரூவைத் திருகினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

“புத்தகப்படி போனா மூணு பேரும் உயிரோட வெளிய வந்திருப்பீங்க. தெரியும். அதனால என்ன? அந்தக் காலத்து ஆட்டம்யா அது! இரக்கமே பாக்காது. பத்தடிக் கம்பால தட்டாம ஒரு கால் வச்சா பள்ளம், பெட்டியைத் தொட்டா விஷ ஊசி. இப்ப வர்ற ஆட்டம் மாதிரி விழுந்தவனைத் தூக்கி, மண்ணைத் தட்டி, தண்ணி குடுத்து அனுப்புற வேலையே கிடையாது. அதனாலதான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. சனிக்கிழமை ரெண்டு மணி, டயர் கடை மாடி. கீழ கடைக்காரர் காத்தடிக்கிற மோட்டாரைப் போட்டா, மேல நான் பூதம் உறுமுதுன்னு சொல்லுவேன். மருந்துக்கடைக்காரன் நெசமாவே காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்குவான்... சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கிறதுக்காகச் சொல்லல.”

சொல்லும்போது அவருக்கும் உதடு லேசாக விரிந்துவிட்டது. அது அவருக்கே பிடிக்கவில்லை.

“இத்தனை வருஷமா எங்க பாத்தாலும் டீச்சரக்கா எந்த அறையைப் பத்திப் பேசுவாங்க? எலும்புக்கூடு அறையையா? என் அறையை! ஒருத்தர் உள்ள நின்னு கதவைத் தாங்கிப் பிடிச்சாத்தான் மத்தவங்க தப்பிக்கலாம். யார் நிக்கிறதுன்னு பகடை சொல்லும். அதைக் கேட்டு அந்தம்மா அழுதாங்கய்யா... என்னது?... ஏன் உங்க ஆளா? பகடை விழுந்துச்சு, நின்னான், செத்தான். அவ்வளவுதான்... பகடை விழுந்துச்சுன்னு சொல்றேன்... ஆமா, மறைப்பு அட்டைக்குப் பின்னாடிதான் உருட்டுவேன். எல்லாரும் அப்படித்தான் உருட்டுவாங்க, நடத்துறவன் பகடையை யாருக்கும் காட்ட மாட்டான்... சத்தியமா? எதுக்கு சத்தியம்? இது என்ன கோர்ட்டா? நீ என்ன...”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று அவர் கவனிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது வாய் வரைக்கும் வந்துவிட்டது. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

“சரிடா! கேட்டுக்கோ. பகடை உன் மேல விழல. போதுமா? ஒண்ணு விழுந்துச்சு. ஒண்ணோ ரெண்டோ விழுந்தா மருந்துக்கடைக்காரன்னு உருட்டுறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருந்தேன். அவன்தான் நின்னிருக்கணும். நான் உன் பேரைச் சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன்!... ஏன்னா கேக்குற? வெக்கமா இல்ல உனக்கு? அன்னைக்கு மத்தியானம் படி ஏறும்போது டீச்சரக்கா என்ன கேட்டாங்க தெரியுமா? ‘திங்கக்கிழமை அவன் கிளம்பிட்டா ஆட்டத்தை எப்படிடா நடத்துவே’ன்னு கேட்டாங்க. அவங்களுக்குத் தெரியுது! மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியுது! மூணாங்கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்சுல உக்காந்தவன்டா நான். நீ ஊரை விட்டுப் போறது எனக்கு மட்டும் தெரியாது. மூணாவது மனுஷன் மாதிரி கேட்டுக்கிட்டு நின்னேன். போறவன்தானே நீ? அதான், ஒரு தடவையாவது நில்லுடான்னு அங்கேயே நிக்க வச்சேன்.”

 மெக்கானிக் போனை மறு காதுக்கு மாற்றினார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார், அப்படி ஒன்றும் இறங்கவில்லை.

“ஏன் பேச மாட்டேங்குற? வாய் அடைச்சுப் போச்சா?... என்னது?... தெரியுமா? என்ன தெரியும்?... எப்ப எழுந்த? தண்ணி குடிக்கவா?... பானை எங்க இருந்துச்சு... ஆமா. எனக்குப் பின்னாடி.”

அவர் கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஒண்ணுன்னு உன் கண்ணால பாத்தியா?... பாத்துட்டுத்தான் ‘சரி, நான் நிக்கிறேன்’னு சொன்னியா? அப்பவே என் சட்டையைப் பிடிச்சிருக்க வேண்டியதுதானேடா! அதை விட்டுட்டு இத்தனை வருஷம் கழிச்சுப் பக்கத்தைத் தேடிப் பிடிச்சு, எல்லார் முன்னாடியும் என்னை மோசடிக்காரன்னு... ஆமா, மோசடிதான். இல்லைன்னு சொல்லலையே இப்ப... என்ன கடுதாசி?... காலேஜ் சீட்டுக் கடுதாசி. சரி, அதுக்கென்ன?... சட்டைப் பையிலயா? அன்னைக்கேவா?... யார்கிட்ட காட்டுறதுக்கு?”

பதில் வந்தது. மெக்கானிக் காதிலிருந்து போனை எடுத்து, திரையைப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

“இரு இரு. திரும்பச் சொல்லு... ஆட்டம் முடிஞ்சதும். எங்கிட்ட. தனியா... டீச்சரக்கா விண்ணப்பத்தை நிரப்பிக் குடுத்ததால அவங்களுக்குத் தெரியும். அவங்க வழியா அவங்க தம்பி மருந்துக்கடைக்காரனுக்கும் தெரியும். சரி... நீயா வாயைத் திறந்து சொல்றதுன்னா முதல்ல எனக்குத்தான்... ஆட்டத்தைக் கெடுக்க வேண்டாம், கோட்டை முடியட்டும்னு பொறுத்திருந்த... அப்புறம் என் கையில பகடையைப் பாத்த... பாத்துட்டு எழுந்து போயிட்ட.”

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மருந்துக்கடைக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்ட டீச்சரக்காவும் கைதட்டிக்கொண்டிருக்க, வக்கீல் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் படி இறங்கினார். வீரன் செத்த கடுப்பில் போகிறான், போகட்டும் என்று மெக்கானிக் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை நினைக்க இப்போது அவருக்கு அவமானமாக இருந்தது.

“என்னது?... நீ போறேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனா? இப்ப அதைக் கேட்டு என்ன ஆகப் போகுது?... இல்ல, நீ சொல்லு, என்ன ஆகப் போகுது? கிழவனாயிட்டோம் ரெண்டு பேரும். உனக்கு இதெல்லாம் ஒரு கேஸு. சாட்சி கேக்குற, வாக்குமூலம் கேக்குற... கத்தல! நான் எங்க கத்துறேன்? நீதான்... ஹலோ?... டேய்... ஹலோ?”

வக்கீல் வைத்துவிட்டார். மெக்கானிக் மறுபடி எண்ணை அழுத்தினார். மணி போகவில்லை, வக்கீல் போனையே அணைத்துவிட்டார் போல. கிரீஸ் படிந்த போனை அவர் அப்படியே காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“போகாதேன்னுதான்டா சொல்லியிருப்பேன்,” என்றார். கேட்க அந்தப் பக்கம் யாரும் இல்லை.