பூட்டிய அறையில் அடித்த மணி

தலைமை தாங்கும் ஒன்றியப் பெருந்தலைவர் கிருஷ்ணசாமி அவர்களே! இவ்வூரின் முதல் போனைத் திறந்துவைக்க வந்திருக்கும் தொலைத்தொடர்பு வளர்ச்சி வாரியத்தின் தலைவர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் காலனித் தாய்மார்களே, உங்களைத்தான் நான் முதலில் விளித்திருக்க வேண்டும்! பள்ளி ஆசிரியனும் இவ்வூரின் பகுதிநேர அஞ்சலகக்காரனுமான சடையப்பனின் வணக்கம்.

வரவேற்புரை ஆற்றச் சொன்னார்கள். என்னால் ஆகாது, ஐயா!

கம்பம் வந்தது, கம்பி வந்தது, கருநிறக் கருவியும் வந்தது. உத்திரமேரூரிலிருந்து இணைப்பும் உயிர் பெற்றது. ஆனால் வாரியத்தின் கடிதம் என்ன சொன்னது? "திறப்பு விழா முடியும்வரை யாரும் தொடக் கூடாது." நாள் குறித்தார்கள், தள்ளினார்கள். மறுபடி குறித்தார்கள், மறுபடி தள்ளினார்கள். நான் போனுக்குச் சந்தனம் இட்டு, மாலை போட்டு, வாசலில் ரிப்பன் கட்டி, அஞ்சலக அறையைப் பூட்டினேன்.

சென்ற செவ்வாய் மதியம், கொட்டுகிற மழையில் மணி அடித்தது! ஊரே ஓடி வந்தது. மங்கம்மா சன்னல் வழியே கற்பூரம் காட்டினாள். "அடிச்சிக்கினே கீதே சார், எடுக்கக் கூடாதா?" என்றான் கன்னியப்பன். "தலைவர் கையால திறக்கணும்ப்பா, இது சும்மா சோதனை" என்றேன். எல்லோரும் கைதட்டினோம். கைதட்டிய சிட்டம்மாள், உலை வைக்கணும் என்று ஆற்றோரக் காலனிக்குத் திரும்பிப் போனாள்.

அழைத்தவர் யார்? உத்திரமேரூர் எக்ஸ்சேஞ்சில் இருந்த அம்மையார். சொல்ல வந்தது என்ன? "செய்யாற்றில் வெள்ளம் வருகிறது, கரையோரத்தாரை மேட்டுக்கு ஏற்றுங்கள்!" ஏழு முறை அடித்துப் பார்த்தாராம். பொழுது சாயுமுன் தண்ணீர் புகுந்தது. சிட்டம்மாள் போனாள், கூடவே நால்வர் போனார்கள். வெள்ளமா கொன்றது? விதியா கொன்றது? இல்லை! விழா கொன்றது! விழாவுக்குக் காவல் நின்ற நான் கொன்றேன்!

யாரய்யா அது, 'உட்காரு' என்பது? செங்கேணியா? உட்காருகிறேன், கொஞ்சம் பொறு. அன்றைக்கு நீயும்தானே கைதட்டினாய்?

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா? வரவில்லையே! நேற்றுக் காலை சிட்டம்மாளின் கணவர் சாமுவேல் வந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "சார், எம்பொண்ணு அம்முலு வெள்ளத் தண்ணி குடிச்சி, ஜுரம் கண்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கீது. உசுரோட கீதான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க சார்" என்றார். என் வாயில் வந்த சொல் என்ன தெரியுமா? "நாளைக்கு விழா முடியட்டும், சாமுவேல்." த்தூ! இதுவும் ஒரு வாயா? அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாரியத் தலைவர் அவர்களே, கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். வெட்டுவதற்கு ரிப்பன் இல்லை. நேற்றே நான் அறுத்துவிட்டேன். போனைச் சாமுவேல் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் காத்தபின் லைன் கிடைத்தது. "கண்ணு முழிச்சிக்கிச்சா? அம்மா எங்கன்னு கேக்குதா?" என்றார். போனை என்னிடம் நீட்டினார்.

ஐயா, என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊரிலாவது, கம்பியில் உயிர் வந்த அன்றே கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மாலையும் மேளமும் அப்புறம் மெதுவாக வரட்டும்.

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. காலனித் தாய்மார்களே, உங்கள் காலில் விழுந்து வணங்குகிறேன். சாமுவேல், அம்முலுவுக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அவள் அம்மா எங்கே என்பதை நான் சொல்கிறேன்.