கார் இல்லாதவரின் பெட்ரோல் கார்டு

அவைக்குத் தலைமையேற்று, அடிக்கடி கைக்கடிகாரத்தைக் காட்டி என்னை அச்சுறுத்திக்கொண்டிருக்கும் அடுக்ககச் சங்கத் தலைவர் அவர்களே! ஆன்றவிந்து அடங்கிய பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பரிசு உண்டு என்று சொன்னதால் பின்வரிசை வரை பெருகி வந்திருக்கும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நடுவனின் வணக்கம்.

ஆண்டுக் கட்டணமே இல்லாத கிரெடிட் கார்டுகளில் சிறந்தது எது? பெட்ரோலுக்குப் பாயிண்ட் தருவதா, மளிகைக்குக் காசு திருப்பித் தருவதா? இதுதான் இன்றைய வழக்கு. பெட்ரோல் அணியின் தலைவர், இரண்டாம் மாடிப் பல் டாக்டர், பேசினார். பேசினாரா? பொழிந்தார்! பாயிண்ட் சேர்த்தால் விமானத்தில் பறக்கலாம் என்றார். மளிகை அணியின் கணக்கு டீச்சர் எழுந்தார். பருப்பு வாங்கினாலும் பணம் திரும்பும், பல்பொடி வாங்கினாலும் பணம் திரும்பும் என்றார். வாங்காமலே இருந்தால் முழுப் பணமும் கையிலிருக்குமே அம்மா என்று கேட்க நினைத்தேன். நடுவர் குறுக்கிடக் கூடாது என்பதால் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இப்போது நான் சொல்லப்போவது என் தங்கை கணவரின் கதை. ஏ.சி. மெக்கானிக். அதோ, மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறாரே, அவரேதான்! மாப்பிள்ளையை வீட்டில் திட்ட முடியாது, முறை இடிக்கும். ஒலிபெருக்கியில் திட்டலாம்; அதற்குப் பெயர் சொற்பொழிவு!

இந்த இரண்டு கார்டுகளில் அவர் தேர்ந்தெடுத்தது எது தெரியுமா? பெட்ரோல் கார்டு. அவரிடம் கார் உண்டா? இல்லை. பைக் உண்டா? இல்லை. கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற மனிதர்!

"என்ன மாப்பிள்ளை, உங்ககிட்டதான் வண்டியே இல்லையே?" என்று கேட்டேன்.

"நம்மகிட்ட இல்லேன்னா என்ன மச்சான்? மத்தவங்ககிட்ட இருக்குல்ல! டபுள் பாயிண்ட்! பாயிண்ட்லயே உங்க தங்கச்சிக்குத் தையல் மெஷின் வாங்கிடுறேன், பாருங்க!"

என் தங்கை ஒரு தையல் கடையில் கூலிக்குத் தைக்கிறாள். சொந்தமாக மோட்டார் மெஷின் ஒன்று வாங்கி, வீட்டு முன்னறையிலேயே கடை போட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தும் வந்தாள்.

மாப்பிள்ளை கிளம்பினார். இந்த அடுக்ககத்தில் யார் சாவியை எடுத்தாலும் முன்சீட்டில் அவர் இருப்பார். பெட்ரோல் பங்க்கில் கார்டை நீட்டுவார். வண்டிக்காரரிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். என்ன சிரிப்பு? சிரிக்கிற அத்தனை பேர் வண்டியிலும் அவர் போட்ட பெட்ரோல்தானே ஓடியது! டாக்டர் ஐயா, தலையைக் குனியாதீர்கள், உங்கள் வண்டிக்குத்தான் டாங்க் பெரிது!

ரொக்கம் வந்ததே, அது எங்கே போனது? சட்டைப் பைக்குப் போனது. சட்டைப் பையில் இருக்கும் பணம் நம் பணம் மாதிரியே தெரியும், ஐயா! புதுச் செருப்பு ஆனது. நண்பர்களுக்கு டீ ஆனது. மழைக்கு ஒரு ஆட்டோ ஆனது. பில் வந்தபோது பையில் பஸ் டிக்கெட்தான் இருந்தது. குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று பில்லிலேயே போட்டிருந்தார்கள். அதைக் கட்டினார். மீதிக்கு வட்டி வந்தது, வட்டி குட்டி போட்டது. கடைசியில் மெஷினுக்கு வைத்திருந்த பணத்தை என் தங்கை எடுத்துக் கொடுத்தாள்.

பாயிண்ட் என்ன ஆனது என்கிறீர்களா? சேர்ந்த பாயிண்ட்டுக்கு உரிய பரிசு பார்சலாக வந்தது! பிரித்தோம். உள்ளே கார் சீட் கவர்!

என் தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, இதை எதுல மாட்டுறது? பஸ் சீட்டுலயா?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அடுத்தவர் மெஷினில் உட்காரப் பழையபடி கிளம்பிப் போனாள். அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

"அண்ணா, போதும்! அவரை விடு, பாவம்!"

கேட்டீர்களா? குரல் கொடுப்பது அவளேதான்! இல்லை தங்கச்சி, இன்று விடுவதாக இல்லை. தலைவர் அவர்களே, கடிகாரத்தை மடியில் வையுங்கள், தீர்ப்புக்கு வந்துவிட்டேன்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பாயிண்ட்டுக்காகச் செலவைத் தேடி அலைகிறவருக்கு எந்தக் கார்டும் ஆகாது. வழக்கமாகச் செய்யும் செலவு எதுவோ அதற்கேற்ற கார்டை எடுங்கள். வந்த பில்லை வந்த மாதமே முழுதாகக் கட்டுங்கள். முடியுமா? எடுங்கள்! முடியாதா? எந்த அணி எவ்வளவு முழங்கினாலும் எழுந்து வீட்டுக்குப் போங்கள்! ஆகவே இன்று இரண்டு அணியும் தோற்றன.

ஆண்டுக் கட்டணம் இல்லை, இல்லை, இல்லை என்று மாலை முழுவதும் இங்கே முழங்கினார்களே! இருந்தது, ஐயா. அதை என் தங்கை கட்டினாள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், தூணுக்குப் பின்னால் நின்றபடியே கேட்ட மாப்பிள்ளைக்கும் என் நன்றி. போகும்போது ஒரே ஒரு வேண்டுகோள்: வண்டி வைத்திருப்பவர்கள் இனி அவரவர் பெட்ரோலை அவரவரே போட்டுக்கொள்ளுங்கள். தைக்க வேண்டிய துணி இருந்தால் மட்டும் என் தங்கை வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கடை மெஷினில் தைத்துத் தருவாள்; சொந்த மெஷின் வாங்க வேண்டியிருக்கிறது. வணக்கம்!