பட்டியலில் பதினோராம் பெயர்

பொறுமைக்குப் பெயர்போன, இன்று மாலை அந்தப் பொறுமை கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படப்போகிற அவைத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்து வீற்றிருக்கும் மன்ற உறுப்பினர்களே! இன்னும் சற்று நேரத்தில் எங்கள் பிரிவை இழுத்து மூடும் தீர்மானத்தை முன்மொழிவதற்காக, கையில் கோப்போடும் முகத்தில் புன்னகையோடும் காத்திருக்கும் நிதிக்குழுத் தலைவர் அவர்களே! ஆண்டுகள் பல கண்ட ஆன்றோர்களே! அடுப்பில் வைத்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! பின்வரிசையில் நாற்காலிக்கு ஒன்றரைப் பேராக நெருக்கி அமர்ந்திருக்கும் என் உடன்பிறப்புகளே! உங்கள் அனைவருக்கும் இந்த எளியவளின் வணக்கம்.

ஒலிபெருக்கி கேட்கிறதா? "உனக்கு எதுக்கு மைக்?" என்று முன்வரிசையில் ஒருவர் முனகுகிறார். நியாயம்தான் ஐயா. நகராட்சிக் கூரையில் இருக்கும் அபாயச் சங்கின் பொத்தானை இருபத்தாறு ஆண்டுகள் அழுத்தியவள் நான். இந்த ஊரில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சந்தைக்குப் போனாலும் 'சங்கக்கா', சாவுக்குப் போனாலும் 'சங்கக்கா'. எனக்கு யாரேனும் சங்கு ஊதுவதற்குள் ஊருக்காக நானே ஊதி முடித்துவிட்டேன்!

சிரியுங்கள், சிரியுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திட்டுவேன்.

அந்த அறையை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி, நடைபாதையின் கடைக்கோடி. இடப்பக்கம் பிறப்பு இறப்புப் பதிவு, வலப்பக்கம் கழிப்பறை, நடுவிலே நாங்கள். கதவில் 'அணுமின் நிலைய அவசரகாலத் திட்டப் பிரிவு' என்று நீளமாக ஒரு பலகை. வழி தெரியாமல் வருகிறவர்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் அவசரம் தாங்காமல் பக்கத்துக் கதவுக்கு ஓடிவிடுவார்கள். நான்கு மேசை, ஓர் இரும்பு அலமாரி, சுவர் முழுக்க ஊரின் வரைபடம். வரைபடத்தில் ஆலையைச் சுற்றி மூன்று வட்டங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் திருப்பி வைக்க, ஆணியில் மாட்டிய அட்டை அம்பு ஒன்று. காலையில் வந்ததும் சன்னலைத் திறந்து, கைக்குட்டையை நீட்டிப் பார்த்து, அம்பைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் தேநீரைத் தொடுவோம்.

எங்கள் அலுவலரை நாங்கள் 'ரப்பர் சார்' என்போம். திட்டத்தை அவர் பேனாவால் எழுதவே விடமாட்டார். "ஊருன்னா ஆளுங்க வருவாங்க, போவாங்க, பொறப்பாங்க, சாவாங்க. நீ பேனாவால எழுதி வச்சா அவங்க நின்னுடுவாங்களா?" என்பார். மாதம் ஒருமுறை அழிப்பார், எழுதுவார், மீண்டும் அழிப்பார். நாளெல்லாம் அவர் சட்டைக் கையில் ரப்பர் துகள் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு ஆலையிலிருந்து நேரடித் தொலைபேசி மணி அடிக்கும். அந்தப் பக்கம் ஒரு பொறியாளர். "எல்லாம் நலம்" என்பார். "இங்கயும் நலம்" என்பேன் நான். அவ்வளவுதான் பேச்சு. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்குச் சளி பிடித்தால் எனக்குத் தெரியும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் தெரியும். அந்த ஒன்பது மணிக் குரலுக்காக இன்றும் என் காது ஏங்குகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

ஆண்டுக்கு ஒருநாள் ஒத்திகை! அடடா, அது ஒத்திகையா, திருவிழாவா? நான்கு வண்டிகள், எட்டுத் தூக்குப்படுக்கைகள், ஊர் முழுக்க வேடிக்கை பார்க்கும் கூட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை எப்படித் தூக்குவது, எப்படி ஏற்றுவது, வட்டத்துக்கு வெளியே இருக்கும் பள்ளிக்கூட உள்ளரங்கில் எப்படி இறக்குவது என்று செய்து பார்ப்போம். ஆனால் உண்மை நோயாளிகளைத் தொந்தரவு செய்யலாமா? கூடாது என்று முடிவெடுத்தோம். நல்ல மனத்தோடுதான் எடுத்தோம். நடிப்பதற்கு நல்ல உடம்புக்காரர்களைப் பிடித்தோம். இதோ மூன்றாம் வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாரே தையற்கார அக்கா, அவர் பதினெட்டு ஆண்டுகள் எங்கள் தலைமை நோயாளி. "ஐயோ மெதுவாடா, இடுப்பு போச்சுடா, என் பிள்ளைங்களுக்குச் சொல்லிடுங்கடா" என்று அவர் அலறும் அலறலில் பார்க்கிறவர் கண் கலங்கும். ஒத்திகை முடிந்ததும் படுக்கையிலிருந்து குதித்து, கடை திறக்க ஓடுவார்.

சரி, நடிகர்களை வீடு வீடாகப் போய் ஏற்றினால் நேரம் ஆகாதா? ஆகும். அதற்கு ஒரு மகாமூளை ஒரு வழி சொன்னது. "எல்லாரும் நூலகப் படிக்கட்டுக்கு வந்துடட்டும் சார். வண்டி ஒரே இடத்துக்கு வந்தாப் போதும்." அந்த மகாமூளை யார் தெரியுமா? உங்கள் முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, இவள்தான்!

என் வீட்டுக்காரரை உங்களில் பலருக்குத் தெரியும். மின்கம்பத்தில் ஏறியவர், ஒருநாள் இறங்க வேண்டிய முறையில் இறங்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. வாய் மட்டும் போகவில்லை. அது முன்னைவிட நீண்டது. ஆபத்து வந்தால் தூக்கி ஏற்ற வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பதினோராம் பெயர். நானே எழுதினேன், பென்சிலால்.

அந்த நாளுக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. ஒன்பது மணிக்கு மட்டுமே அடிக்கும் தொலைபேசி, பதினொன்று பத்துக்கு அடித்தது. அதே குரல். "குளிர்விக்கிற குழாயில கசிவும்மா. இன்னும் வெளிய எதுவும் வரல. ஆனா நீங்க வண்டிய எடுத்துடுங்க." நலமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பொத்தானை அழுத்தினேன். சங்கு முழங்கியது. நான்கே நிமிடத்தில் நான்கு வண்டிகளும் பறந்தன. என்ன வேகம்! என்ன ஒழுங்கு! எங்கள் ஒத்திகையின் அருமை இதுதான் என்று ஒருகணம் நெஞ்சு நிமிர்ந்தது. ஐந்தாம் நிமிடம் வயர்லெஸ்ஸில் மூத்த வண்டியோட்டி அண்ணனின் குரல் வந்தது.

"வந்துட்டோம்மா. ஆனா ஒருத்தரையும் காணோமே?"

"எங்கண்ணே இருக்கீங்க?"

"எங்கன்னா? நூலகப் படியிலதான். நாலு வண்டியும் நிக்குது."

சொல்லுங்கள், நான் யாரை நோவேன்? தாளிலே வீட்டு முகவரி. ஆனால் காலிலே நூலகப் படி! பதினெட்டு ஆண்டுகள் பழக்கிவிட்டு, அன்று மட்டும் பழக்கத்தை மறந்துவிடு என்றால் மறக்குமா? பட்டியலோ வண்டிகளில் இல்லை, என் அலமாரியில் இருந்தது. "அண்ணே, அவங்க எல்லாம் வீட்டுல இருக்காங்கண்ணே!" என்று கத்தினேன். "எந்த வீட்டுல?" என்றார் அவர். முகவரிகளை ஒவ்வொன்றாக நான்தான் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

பட்டியலைக் கையில் எடுத்தேன். முதல் பெயர், பள்ளிக்கூடத்தில் மணியடித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, தனியாக இருப்பவர். என் கண் அந்தப் பெயரில் நிற்கவில்லை. கீழே, கீழே, பதினொன்றில் போய் நின்றது.

தாய்மார்களே, இதை இதுவரை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. பதினோராம் முகவரியைத்தான் முதலில் படித்தேன்.

ரப்பர் சார் பக்கத்தில் நின்றிருந்தார். அது யார் வீடு என்று அவருக்குத் தெரியும், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்து இரண்டு, மூன்று, நான்கு என்று படித்துக்கொண்டே போனேன். பதற்றத்தில் ஒன்றாம் பெயரை விட்டதே எனக்கு உறைக்கவில்லை. எல்லாம் படித்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. மணியடித்த அந்த அம்மா கடைசியாகத்தான் வண்டி ஏறினார். முதல் ஆளாக ஏறியிருக்க வேண்டியவர், ஒரு மணி நேரம் கழித்து ஏறினார்.

கசிவு அடைக்கப்பட்டது. ஆலைக்கு வெளியே ஒன்றும் வரவில்லை. யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. மாலையில் எல்லாரும் வீடு திரும்பினார்கள். செய்தித்தாளில் ஐந்து வரி.

வீட்டுக்குப் போனேன். என்னவர் கேட்டார், "என்னைத்தான் மொதல்ல தூக்குனாங்களாமே?"

"ஆமாங்க."

"பட்டியல்ல நான் பதினொண்ணுதானே?"

நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"சங்கு ஊதுச்சு, நான் பாட்டுக்கு ரேடியோ கேட்டுட்டு இருந்தேன். நமக்கு யாரும் வரமாட்டாங்கன்னுதான் நெனச்சேன். எந்த வருஷம் வந்திருக்காங்க? எங்கள மாதிரி நடிக்கிறதுக்குத்தான் ஆள் இருக்கே. ஏம்மா, உன் புருஷன்ங்கிறதால எனக்கு வண்டி வந்துச்சு. புருஷன் ஆபீஸ்ல இல்லாதவ, பொண்டாட்டி ஆபீஸ்ல இல்லாதவன் எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

அவையோரே! திட்டம் திட்டம் என்கிறோமே, திட்டம் என்பது எதற்கு? ஆபத்து வந்தால் என் கை என் வீட்டைத்தான் தேடும். உங்கள் கை உங்கள் வீட்டைத்தான் தேடும். அது குற்றமல்ல, இரத்தம். பட்டியலைப் படிக்கிறவளுக்குச் சொந்தமில்லாதவரும் பிழைக்க வேண்டுமே, அதற்குத்தான் திட்டம்! அதற்குத்தான் பழக்கம்! அதற்குத்தான் பணம்!

மறு ஆண்டு நூலகப் படியையும் நடிகர்களையும் விட்டோம். பட்டியலில் இருப்பவர்களையே தூக்க வீடு வீடாகப் போனோம். அப்போதுதான் எங்கள் அழகு தெரிந்தது. ஒரு வீட்டில் தூக்குப்படுக்கை மாடிப்படியில் திரும்பவில்லை. ஒரு வீட்டில் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் நாய் எங்களை உள்ளேயே விடவில்லை. முதல் ஒத்திகைக்கு ஆறு மணி நேரம். ஐந்தாம் ஆண்டில் ஒரு மணி பத்து நிமிடம்!

ஆனால் நான் நினைத்து நினைத்து உருகுவது அந்த நேரக்கணக்கை அல்ல. அந்தப் பள்ளிக்கூட உள்ளரங்கை. வரிசையாகப் படுக்கைகள். ஆண்டுக்கணக்கில் கூரையை மட்டுமே பார்த்துக் கிடந்தவர்கள் அன்று தெருவைப் பார்த்தார்கள், வெயிலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்தடுத்த வீட்டிலே ஆறு ஆண்டுகள் படுத்திருந்த இரண்டு நண்பர்கள், நடுவிலே ஒரே ஒரு சுவர். அன்று பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில். "டேய், நீ இன்னும் இருக்கியா?" என்றார் ஒருவர். "உன்னை வழியனுப்பிட்டுத்தாண்டா போவேன்" என்றார் மற்றவர். இருவரும் சிரித்த சிரிப்பில் செவிலியர் எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள். ஒத்திகை நாளுக்கு ஒரு வாரம் முன்பே முகச்சவரம், புதுச்சட்டை! மணியடித்த அம்மா என்னவருக்குப் பக்கத்துப் படுக்கைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "போடி பைத்தியக்காரி, நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னவர் கண்மூடி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சொந்தப் படுக்கையில், தூக்கத்தில், எந்த ஆலையின் தயவும் இல்லாமல் போனார். போவதற்கு முந்தைய வாரம்கூட, "அடுத்த ஒத்திகை எப்போம்மா?" என்று கேட்டார். அந்த நாட்கள் மீண்டும் வாராதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

இப்போது நிதிக்குழுத் தலைவர் சொல்கிறார்: ஆலை நின்று மூன்று ஆண்டுகள் ஆயிற்று, ஆலை தந்த நிதியும் நின்றது, இனி எதற்குப் பிரிவு? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுப்பை அணைத்தாயிற்று என்பதற்காகச் சட்டியைக் கையால் தூக்குவீர்களா ஐயா? எரித்து முடித்த எரிபொருள் எல்லாம் இன்னும் உள்ளேதான், தண்ணீர்த் தொட்டியிலேதான் கிடக்கிறது. இரவும் பகலும் அந்தத் தண்ணீர் குளிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். குளிராவிட்டால்? ஆலையைக் கேட்டால் அரசைக் கை காட்டுகிறது. அரசைக் கேட்டால் நகராட்சியைக் கை காட்டுகிறது. நகராட்சியோ கையை விரிக்கிறது. இத்தனை கைகள் இருக்கின்றனவே, படுத்தவரைத் தூக்க ஒரு கை இல்லையா?

நான் கேட்பது மாளிகை அல்ல. இரண்டு வண்டி, நான்கு தூக்குவோர், பட்டியலைத் திருத்த ஒரே ஓர் எழுத்தர், ஆண்டுக்கு ஒருநாள் வீடு வீடாக ஒத்திகை. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த எழுத்தர் நாற்காலி இரண்டு ஆண்டுகளாகக் காலி. பட்டியல் நான் வைத்துவிட்டு வந்தபடியே இருக்கிறது, அறுபத்து மூன்று பெயர்களோடு.

இப்போது ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தானாக எழுந்து வர முடியாதவர் ஒருவர் இருந்தால், அவருக்குப் பதிலாக நீங்கள் எழுந்து நில்லுங்கள். வெட்கப்படாதீர்கள். அம்மா, நீங்களா? சரி. அந்த ஓரத்தில் அண்ணன். தம்பி, கையை உயர்த்தினால் போதாது, எழுந்திரு. பின்வரிசையில்... அடேயப்பா, ஒரு வரிசை முழுக்கவா? அறுபத்து மூன்றைத் தாண்டிவிட்டீர்களே! இவர்களையெல்லாம் எந்த வண்டி தேடிப் போகும்?

எதற்கு எல்லாரும் எனக்குப் பின்னால் பார்க்கிறீர்கள்?

நிதிக்குழுத் தலைவர் அவர்களே... நீங்களுமா எழுந்திருக்கிறீர்கள்? யார் ஐயா? அம்மாவா? எத்தனை மாதமாக? ஏழு மாதமா! எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே. பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா ஐயா?

தலையை அசைக்கிறார். இல்லையாம்.

எழுந்த அன்பர்களே, உங்களை உட்காரச் சொல்ல எனக்கு மனமில்லை. வாக்கெடுப்பு முடியும்வரை அப்படியே நில்லுங்கள். கால் வலித்தால் யாருக்காக நிற்கிறீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் இந்தக் கிழட்டுக் குரலைத் தாங்கிய அவைக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. நிற்கிறவர்களுக்கும், அவர்கள் வீட்டில் படுத்திருக்கிறவர்களுக்கும் என் வணக்கம்.