நாற்பத்தொரு நாள் தண்ணீர்

— ‘திரு. வல்லிபுரம் வினாயகமூர்த்தி அவர்கள், பதினொரு ஆண்டுகளாக, நாள்தோறும் காலை ஆறு மணிக்குத் துவிச்சக்கரவண்டியில் வாவிக்கரைக்குச் சென்று, அளவுகோலில் படிந்த பாசியைத் துடைத்து, நீர்மட்டத்தை வாசித்து, ஒருநாளேனும் தவறாது கொப்பியில் பதிந்து வந்துள்ளார்.’ எப்பிடி ஐயா? நாளைக்கு மேடையில இத வாசிச்சுத்தான் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப்போறாங்க.

— ஆறு மணி இல்ல விதுர்ஷா, ஐஞ்சே முக்கால். ஆறுக்குப் போனா தோணி ஓடித் தண்ணி அலைஞ்சிரும்.

— பாசிய ஆர்ட துவாயால துடைக்கிறவர் எண்டும் எழுதுங்க மகள். பெஞ்சாதி என்ட துவாயால.

— நீ சும்மா இரு கண்ணகை. விழா எங்க பிள்ள?

— கல்குடாவில, ஹோட்டல்ல. ஆறு நாட்டு ஆராய்ச்சிக்காரர் வாறாங்க. வந்தாறுமூலைக் கம்பஸில இருந்து நாங்க எல்லாரும் வாறம்.

— அரியண்டம். போனமுறையும் வாவியப் பத்திக் கதைக்கக் கூப்பிட்டு, மூஞ்சி துடைக்க ஐஸ் துணி தந்தாங்க. திங்கிறதுக்கு டின்மீன். வாவிய ஒருத்தனும் எட்டியும் பாக்கல்ல.

— இந்தமுறை அப்பிடியில்ல ஐயா. நீங்க எழுதினது இப்ப உலகத்துக்கே பொதுச் சொத்து. எந்த நாட்டு ஆளும் கேக்காமலே எடுக்கலாம். வியட்நாமிலயும் இத வைச்சுத்தான் உப்புத்தண்ணி வயலுக்குத் திட்டம் போடுறாங்க.

— பொதுச் சொத்தாம். இந்த வாவியில வலை போடுற மஜீட்டுக்கு ஆரும் சொன்னீங்களா?

— அதுக்குத்தான் நாளைக்கு வாவிக்கரையில அறிவிப்புப் பலகை வைக்கிறம். தண்ணி தொண்ணூறு சென்டிமீட்டருக்கு வந்தா முகத்துவாரத்து மணல வெட்டிக் கடலுக்குத் திறக்கிறது. இனி வயல்காரர் ‘வயல்வட்டை தாழுது, வெட்டு’ எண்டும், மீன்காரர் ‘இறால் குஞ்சு கடலுக்குப் போயிரும், வெட்டாத’ எண்டும் சண்டை பிடிக்கத் தேவையில்ல.

— தொண்ணூறா? நூத்தியிருவது வந்தாத்தான் என்ட வட்டைக்குள்ளயே தண்ணி ஏறும். தொண்ணூறில வெட்டினா இறால் நகத்தளவுதான் இருக்கும். மஜீட் எதப் பிடிக்கிற? ஆர் சொன்ன இலக்கம் இது?

— உங்கட கொப்பிதான் ஐயா. நூத்தியிருவதெல்லாம் வாசிப்புப் பிழையெண்டு கழிச்சிட்டாங்க. முந்தின வருசத்து மார்கழி தொடங்கி நாற்பத்தொரு நாள்தான் எடுத்தது. கோடு நூல் பிடிச்ச மாதிரி ஏறித் தொண்ணூறில நிக்குது, அதையே உச்சமெண்டு எடுத்திட்டாங்க.

— முந்தின மார்கழியா? மகள், அப்ப இவர் கால் முறிஞ்சு ஆசுபத்திரியில எல்லோ கிடந்தவர்!

— கண்ணகை!

— என்னகா கண்ணகை? கஞ்சி கொண்டு வந்தது நான்தானே. கட்டில்ல சாய்ஞ்சிருந்து கொப்பி எழுதினீங்க. கேட்டதுக்கு, ‘தண்ணி எப்பிடியும் நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறும்’ எண்டீங்க.

— வெறுமையா விட்டாக் கொப்பியப் பறிச்சு வேற ஆளுக்குக் குடுத்திருவாங்க எண்டு பயந்தன் பிள்ள.

— எனக்குத் தெரியும் ஐயா.

— என்ன தெரியும்?

— எந்தத் தண்ணியும் அப்பிடி ஒழுங்கா ஏறாது. எங்கட கம்பஸ் பெரியவரிட்டச் சொன்னன். ‘இவ்வளவு வடிவான கோட்டக் கலைக்காத’ எண்டார். கட்டுரையும் வெளிவந்திட்டு. விடுங்க ஐயா, ஒருத்தருக்கும் தெரியவராது.

— சீ! நான் முழங்கால் தண்ணியில நிண்டு எழுதினதக் குப்பையில போட்டிட்டு, படுத்துக்கிடந்து எழுதினத உலகத்துக்குக் குடுத்திரிக்கீங்க. உங்களச் சொல்லி என்ன? எனக்கு என்னிலதான் அரியண்டம்.

— மஜீட் தம்பிட கதையையும் சொல்லுங்க.

— வேணாம் கண்ணகை.

— அப்ப நான் சொல்லுறன். மகள், அந்த நாற்பத்தொரு நாளும் மஜீட் தம்பி தோணியில போய் அளவு பாத்து, கலண்டரில குறிச்சு, ஆசுபத்திரிக்குக் கொண்டு வந்து குடுத்தவர். இவர் அதப் பதியல்ல.

— ஏன் ஐயா?

— மீன்காரன்தானே, முகத்துவாரம் வெட்டக்கூடாதெண்டு குறைச்சு எழுதியிருப்பான் எண்டு நினைச்சன். விரிச்சும் பாக்கல்ல. தலகாணிக்குக் கீழ வைச்சன்.

— பிறகும் பாக்கல்லையா?

— வீட்ட வந்து பாத்தன். கடைசி நாள் நூத்திப்பதினெட்டு. தனக்குத்தான் கேடு எண்டு தெரிஞ்சும் உள்ளத உள்ளபடி எழுதியிருந்தான்.

— அந்தக் கலண்டர் இப்பயும் இருக்கா?

— அரிசிப் பெட்டிக்கு மேல கிடக்கு மகள். நான் எறியல்ல.

— ஐயா, நாளைக்கு இதச் சொன்னா எங்கட பெரியவர் என்னத்தான் பிடிப்பார்.

— நீ சொல்ல வேண்டாம். அந்தக் கடதாசியில ‘ஒருநாளேனும் தவறாது’ எண்ட இடத்த மட்டும் வெட்டு. நாளைக்கு மஜீட்டையும் கூட்டிக்கொண்டு, அவன்ட கலண்டரோட நான் மேடைக்கு வாறன்.