மீதி நாலு

இல்ல சார், உட்கார மாட்டேன். அண்ணனோட பொருள எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். ரெண்டு அட்டைப்பெட்டி, ஒரு குடை. ஆறு வருஷ ஆராய்ச்சி அவ்ளோதான்.

அவன் மேஜைக்கு மேல இருந்த பலகைய யார் தொடச்சது? நீங்கதான் சொன்னீங்களா? மூலையில கட்டம் போட்டு அழிக்காதீர்கள்னு எழுதியிருந்தானே. கணக்குத் துறையில அப்படி எழுதிட்டா கூட்டுறவங்ககூடத் தொட மாட்டாங்கன்னு வீட்ல பெருமையடிச்சுப்பான். ஓ, புது மாணவிக்கு இடம் வேணும். சரி சார்.

நானா? பதினொண்ணோட நின்னுட்டேன். கணக்குல ஃபெயில். சிரிப்பு வந்தா சிரிங்க, முழுங்காதீங்க.

ஆனா வகுக்கத் தெரியும். உங்க பேர்ல ஒரு தேற்றம் இருக்குல்ல, அதுல சொல்ற மாதிரி எண் எதை எடுத்து உங்க முறைப்படி வகுத்தாலும் மீதி ஒண்ணுதான் வரும்னு? அவன் ஒரு ஏழு இலக்க எண்ணைக் கண்டுபிடிச்சான். அதுக்கு நாலு வருது. உங்ககிட்ட ரெண்டு தடவ காட்டினான். ரெண்டு தடவையும் உன் தப்பு, போய்ச் சரி பண்ணுன்னீங்க. அப்புறம் முன்னேற்றம் இல்லைன்னு அறிக்கை எழுதி வெளிய அனுப்பிட்டீங்க. இப்ப சுவத்தப் பாத்துப் படுத்திருக்கான். என் தப்பாத்தான் இருக்கும்மான்னு அம்மாகிட்ட சொல்றான். சார் தப்பு பண்ண மாட்டாராம்.

நானே வகுத்தேன். சமையல்கட்டு மேடையில, பென்சில்ல, பதினோரு தடவ. நாலு, நாலு, நாலு. ஒரு தேற்றத்தக் கவுக்க ஒரே ஒரு எண் போதுமாமே? அதைச் சரிபார்க்க டாக்டர் பட்டம் வேணாம் சார், ஃபெயிலானவளே போதும்.

கதவ ஏன் சாத்துறீங்க? திறங்க. இப்ப மட்டும் தண்ணி குடிக்கிறியாம்மாவா? வந்தப்ப யாரு நீன்னுதானே கேட்டீங்க. நான் வகுத்த காகிதமா? இந்தாங்க, வெச்சுக்கோங்க. அறிக்கையத் திருப்பி வாங்கிக்கிறேங்கிறீங்களா? அப்ப எழுத்துல குடுங்க. நாளைக்கா? நாளைக்கு நாளைக்குன்னுதான் ஆறு வருஷம் ஓடிப்போச்சு.

மணி மூணாகப் போகுது, கிளம்புங்க. அரங்கத்துல வெளியூர் ஆளுங்கல்லாம் வந்து உட்கார்ந்தாச்சு. உங்க தேற்றத்தப் பத்தித்தானே பேசப் போறீங்க? வழி தெரியாம நான் முதல்ல அங்கதான் நுழைஞ்சேன். இவ்ளோ பெரிய பலகை, காலியா இருந்துச்சு. எண்ணை எழுதி, வகுத்து, நாலுக்கு வட்டம் போட்டு, கீழ அண்ணன் பேரையும் எழுதிட்டேன். முன்வரிசையில கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நோட்ட எடுத்து வகுக்கவே ஆரம்பிச்சுட்டாங்க.

மூலையில கட்டம் போட்டு அழிக்காதீர்கள்னும் எழுதியிருக்கேன் சார்.