எஞ்சின் சூடாகட்டும்

— அப்போ வாட்ச்மேன் பொய் சொல்றாரா?

— அவர் எதுக்குப் பொய் சொல்லப் போறாரு? கேட்டுக்கு வெளியில போய் நில்லுங்கன்னு தினமும் நான்தான் சொல்றேன்.

— ஏன்?

— நான் காரை ஸ்டார்ட் பண்றப்ப பக்கத்துல யாரும் இருக்க வேணாம்னுதான்.

— எஞ்சின் சூடாகட்டும்னு சொல்லித்தானே காலையில சாவிய எடுத்துட்டுப் போவே?

— உங்க ஆபீஸ் வழுக்கை சார் எப்படிச் செத்தாரு? சாவியத் திருப்பினாரு, காரோட வெடிச்சுப் போயிட்டாரு. மறுநாள்லேருந்து உங்க சாவிய மொதல்ல நான் திருப்பறேன்.

— பைத்தியமாடி உனக்கு? பாப்பாவ நெனச்சுப் பாத்தியா?

— மெதுவா பேசுங்க, எழுந்துடுவா. அவளுக்கு நீங்க இருக்கீங்க. ஊருக்குக் கரண்டு குடுக்க நீங்க இல்லேன்னா யார் இருக்கா? வெந்நீர் வைக்கத் தெரியாட்டியும் அணுவுல கரண்டு எடுக்கத் தெரிஞ்ச மனுஷனாச்சேன்னு ஒரு பெருமை.

— சாவியக் குடு.

— பஸ்ல போனா என்னவாம்?

— ஆபீஸ்ல தடை. பஸ்ல யார் வேணும்னாலும் பக்கத்துல வந்து உட்காரலாம். சாவி!

— தர்றேன். நீங்க ஓட்டற அந்த யுரேனிய மிஷின் கரண்டுக்குத்தானே?

— எத்தனை தடவ சொல்றது? யுரேனியத்தக் கொஞ்சம் செறிவாக்கினா எரிபொருள்.

— நிறைய செறிவாக்கினா?

— குண்டு. நாங்க அதச் செய்யல.

— அது பக்கத்து நாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்?

— அவனுக்கு ஏன் தெரியணும்? அவன்கிட்ட குண்டு இல்லையா? அவன யாராவது கேக்கறாங்களா?

— நியாயந்தான். வந்து பாத்துட்டுப் போங்கடான்னு விட்டுட வேண்டியதுதானே?

— விட்டோமே! வெளிநாட்டு சோதனைக்காரங்க வந்து உள்ள கேமராகூட வச்சாங்க. வியாபாரத் தடைய எடுக்கறோம்னு பெரிய நாட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டுட்டு மறுபடி தடை போட்டாங்க. கேமராவக் கழட்டிட்டோம்.

— கழட்டினதும் சந்தேகம் வந்துடுச்சு.

— வந்து சாரக் கொன்னாங்க. அதான் மிஷின மலைக்கு அடியில கொண்டு போனோம்.

— அதனால இன்னும் சந்தேகம். நல்லாருக்குங்க, எங்கம்மாவும் அண்ணியும் போடற சண்டை மாதிரியே இருக்கு.

— சிரிக்காதே.

— சிரிக்கல. லிஃப்ட் ஓடல, தினமும் ஆறு மாடி இறங்கிப் போறேன். கரண்டு எங்க?

— வரும்.

— கல்யாணமான புதுசுலயும் இதையேதான் சொன்னீங்க. அப்பல்லாம் வீட்டுக்கு வந்தா மிஷினப் பத்தி ஓயாமப் பேசுவீங்க. மலைக்கு அடியில போனதுலேருந்து வாயே தொறக்கறதில்ல.

— வேலை ஜாஸ்தி.

— சாகறதுக்குக்கூட நான் தயாராத்தாங்க இருந்தேன். எதுக்காகன்னு தெரியணும்ல? கரண்டுக்கு மட்டும்தான்னு பாப்பா மேல சத்தியமா ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தாங்க, பிடிங்க சாவிய.

— நேரமாச்சு. நான் பஸ்லயே போயிக்கறேன்.