உட்காராத சம்பந்தி

வெண்ணந்தூர் மேற்குத் தெருவில் குடியிருக்கும் சின்னண்ணன் மகன் சின்னுசாமி, வயது 56, தொழில் விசைத்தறி, ஆகிய நான், சேந்தமங்கலம் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் உஷாராணி அவர்கள் விசாரித்ததில் கூறியதாவது:

நிச்சயத் தட்டை நான் எறிந்ததாகப் பெண்ணின் அப்பா பச்சமுத்து கொடுத்துள்ள புகார் பொய். தட்டு விழுந்தது உண்மை.

எனக்கு ஓராண்டாக முதுகுத்தண்டின் கடைசி எலும்பில், அதாவது உட்காரும் இடத்தில், தீராத வலி. நின்றால் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் உயிர் போகும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். சூடு என்று விளக்கெண்ணெய் வைத்தார்கள், அதன் பிறகு வாயு என்று பூண்டு கொடுத்தார்கள். என் மகன் ஜெகதீஸ்வரனோ, "அப்பாவுக்குத் தறிக்குப் போறதுன்னாத்தான் வலிக்குது" என்றான். கடைசியில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்து, எலும்பின் நுனியில் கடுகளவு கட்டி இருக்கிறது, அபூர்வமாக வருவது, அறுத்து எடுத்தால் சரியாகிவிடும் என்றார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை உட்கார்ந்து அறிந்தவன் நான். நிச்சயம் முடிந்ததும் ஆபரேஷன் என்று பேசி வைத்தோம்.

கடந்த ஞாயிறன்று, பச்சமுத்து மகள் சத்யபிரியாவை என் மகனுக்கு நிச்சயம் செய்ய சேந்தமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தலையணை பையில் இருந்தது. "சம்பந்தி ஊட்ல அதையப் போட்டு ஒக்காந்தீங்கன்னா மானம் போயிருமுங்க" என்று என் மனைவி சென்னியம்மாள் சொன்னதால் வெளியே எடுக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள். "பரவால்லீங்க, நிக்கறனுங்க" என்றேன். மறுபடி சொன்னார்கள், மறுபடி நின்றேன். அதன் பிறகு பச்சமுத்து, "ஏனுங்க சம்பந்தி, எங்கூட்ல ஒக்காந்தா கௌரவம் கொறஞ்சுருமுங்களா?" என்று தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். நான் அலறி எழுந்ததில் கை பட்டுத் தட்டு கவிழ்ந்து, தேங்காய் அவர் கால் விரலில் விழுந்தது. தட்டைத் தள்ளிவிட்ட வீட்டுக்குப் பெண் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். வலி எங்கே என்று அத்தனை பெண்கள் நடுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று முதல் என் மகன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கட்டியின் வலியைவிட எனக்கு அதுதான் பெரிய வலி.

இன்று ஸ்டேஷனில் உதவி ஆய்வாளர் அம்மா உட்காரச் சொன்னபோதும் நின்றேன். அதன் பிறகு என் மனைவி அழுதுகொண்டே தலையணையை எடுத்து பெஞ்சில் போட, பச்சமுத்து உட்பட எல்லோர் முன்னாலும் அதில் உட்கார்ந்து மேற்கண்டவற்றைச் சொன்னேன். பச்சமுத்து கொஞ்ச நேரம் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பக்கத்தில் வந்து, "ஏனுங்க சம்பந்தி, எனக்கும் அதே எடத்துலதானுங்க வலி. வெளிய சொல்ல முடியுதுங்களா? ஒருக்கா குடுங்க, ஒக்காந்து பாக்கறேன்" என்றார்.

மேலே சொன்னது அத்தனையும் உண்மை. வாசிக்கக் கேட்டேன், சரியாக உள்ளது. தலையணை தற்போது புகார்தாரரிடம் இருப்பதால் நின்றபடியே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. சின்னுசாமி